வருடச் சாமான்: கோடையில் எதை வாங்கி வைப்பது, எதை அன்றன்று வாங்குவது?

காவிரிக்கரை (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் தவறாமல் எழும் வாக்குவாதம் ஒன்றை இந்த முறை உங்கள் முன் வைக்கிறேன். மாமியார், கணவர், நான், பள்ளி செல்லும் இரு பிள்ளைகள் என ஐந்து பேர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். புளி, மிளகாய், மல்லி, துவரம் பருப்பு, உளுந்து ஆகியவற்றை வெயில் காலத்திலேயே ஓர் ஆண்டுக்குச் சேர்த்து வாங்கி, காயவைத்து, எடுத்து வைத்துவிட வேண்டும் என்பது மாமியாரின் கட்சி. கீழே இறங்கினால் கடை இருக்கிறது, கைப்பேசியில் சொன்னால் வாசலுக்கே வந்துவிடுகிறது, அப்படியிருக்க மூட்டை மூட்டையாக வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவானேன் என்பது கணவரின் கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு கேள்வியும் உண்டு. சித்திரை வந்தால் எங்கள் வீட்டுச் சாப்பாடே மாறிவிடுகிறது. பிள்ளைகள் சாம்பாரைத் தொடுவதில்லை. மதியம் தயிர்ச்சோறும் தொட்டுக்கொள்ள ஏதாவதும் இருந்தால் போதும் என்கிறார்கள். ஆனால் மாதாந்திரச் சாமான் சீட்டு மட்டும் மாறாமல் அப்படியே இருப்பதால், வைகாசி முடியும்போது அலமாரியில் ரவையும் சேமியாவும் வண்டு பிடித்துக் கிடக்கின்றன. கோடைக்கு என்று உங்கள் சீட்டில் எதைச் சேர்க்கிறீர்கள், எதை அடிக்கிறீர்கள் என்று விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய மளிகைக்காரர் (விருதுநகர்)

கடையைப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வில் இருப்பவன் நான். ஆண்டுச் சாமான் என்ற வழக்கத்தைப் பொதுவாக நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது. பொருளுக்குப் பொருள் விடை மாறும். உங்கள் மாமியார் சொல்லும் ஐந்தில் புளியும் மிளகாயும் ஒரு வகை, பருப்பும் உளுந்தும் வேறு வகை. மல்லியை இந்தக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை, ஏனென்றால் ஆறு மாதம் போனால் அதன் மணம் போய்விடும்.

புளி நம் பக்கத்தில் தை கடைசியில் உலுக்கத் தொடங்கி, மாசி, பங்குனி, சித்திரை வரை சந்தைக்கு வரும். தருமபுரி, கிருஷ்ணகிரி, நத்தம் பகுதிகளிலிருந்து வரும் புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும். கையில் எடுத்தால் ஒட்டும், நாக்கில் வைத்தால் புளிப்போடு சிறு இனிப்பும் தெரியும். அந்த மூன்று மாத வரத்தில் பெரும்பகுதி குளிர்பதனக் கிடங்குக்குப் போய், பிறகு ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக வெளியே வருகிறது. ஐப்பசியில் நீங்கள் கடையில் வாங்கும் அரைக்கிலோ பொட்டலமும் இதே பங்குனிப் புளிதான், கிடங்கு வாடகையும் கை மாறிய லாபமும் அதன் மேல் ஏறியிருக்கும், அவ்வளவே. ஆகவே புளியைப் பொறுத்தவரை மாமியாரின் பக்கமே என் வாக்கு.

வாங்கும்போது கொட்டை எடுத்ததா, எடுக்காததா என்பதைக் கவனிக்க வேண்டும். ஓடு நீக்கிய கொட்டைப்புளியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கொட்டையே இருக்கும். அதோடு நாரும் போகும். விலை வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருந்தால் கொட்டை எடுத்த புளியே லாபம். ஆனால் கொட்டை எடுத்ததாகச் சொல்லி விற்கும் கட்டிப் புளியில் மண்ணும் பழைய கறுப்புப் புளியும் கலந்து அமுக்கியிருப்பதுண்டு. ஒரு கட்டியைப் பிய்த்து உள்ளே பார்க்காமல் வாங்காதீர்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் முக்கால் கிலோ என்று வைத்தால் ஒன்பது கிலோ போதும்.

மிளகாயிலும் இதே கணக்குத்தான். இராமநாதபுரம் குண்டு மிளகாய் மாசி முதல் சித்திரை வரை நல்ல வரத்து இருக்கும். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குண்டு நிறமும் மணமும் கொடுக்கும், நீட்டு மிளகாய் காரம் கொடுக்கும், ஆகையால் குழம்புப் பொடிக்கு இரண்டையும் கலந்துதான் வாங்க வேண்டும். காதருகே வைத்துக் குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். சத்தம் வராத மிளகாயில் ஈரம் இருக்கிறது. எடையும் கூடும், பிறகு பூஞ்சையும் பிடிக்கும். ஆண்டுக்கு வைக்கும் மிளகாயைக் காம்பு கிள்ளி வைக்கக் கூடாது, அரைக்கும்போதுதான் கிள்ள வேண்டும்.

மூன்றாம் மாடி (சென்னை)

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் இந்த வழக்கம் முற்றம் உள்ள வீட்டுக்கும், பகலில் வீட்டில் இருந்து காவல் காக்க ஓர் ஆளுக்கும் உருவானது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். எங்கள் குடியிருப்பில் மொட்டைமாடி பூட்டியே கிடக்கும். சாவி சங்கச் செயலாளரிடம் இருக்கும். காயவைக்க முடியாத புளியை ஒன்பது கிலோ வாங்கிச் சென்னைக் கடற்காற்றில் வைத்தால் ஆடி மாதத்துக்குள் கசிந்து ஒழுகும். மாமியாருக்கோ மருமகளுக்கோ இதற்காக விழும் உடலுழைப்பை யாரும் விலையில் சேர்ப்பதில்லை. புளியைக் கோது நீக்கி, உப்பிட்டு, உருட்டி அடுக்குவதற்குள் கை வெந்துவிடும். ஆண்கள் யாராவது அந்த வேலையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அதிலும் ஆண்டுக்குத் துவரம் பருப்பு வாங்கி வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நாம் உண்ணும் துவரையில் பெரும்பகுதி கர்நாடகத்தின் கலபுரகியிலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகிறது. போதாததற்கு மியான்மரிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் இறக்குமதியாகிறது. எனவே அதன் விலை நம் ஊர் வெயிலைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை, இறக்குமதி விதியையும் தென்மேற்குப் பருவமழையையும் பார்த்தே ஆடுகிறது. பங்குனியில் வாங்கி வைத்தவர் ஆவணியில் சிரிப்பாரா அழுவாரா என்பதை யாராலும் சொல்ல முடியாது.

பழைய மளிகைக்காரர் (விருதுநகர்)

பருப்பைப் பற்றிச் சகோதரி சொன்னது முற்றிலும் சரி. அந்தக் காலத்தில் முழுத்துவரையைக் காட்டிலிருந்து வாங்கி, நனைத்து, செம்மண் கட்டி, வெயிலில் காயவைத்து, திருகையில் உடைத்தார்கள். அந்தச் செம்மண் தோலைத் தளர்த்தும். வண்டையும் அண்ட விடாது. இப்போது ஆலையில் உடைத்து மெருகேற்றிய பருப்பை வாங்கிவிட்டு அதே பழக்கத்தைத் தொடர்வதில் பொருளில்லை. மூன்று மாதத்துக்கு வாங்கினால் போதும். உளுந்து மட்டும் காவிரிப் படுகையில் சம்பா அறுத்த வயலில் விதைத்ததாகப் பங்குனி, சித்திரையில் களத்துக்கு வரும். தெரிந்த விவசாயி இருந்தால் தோல் உளுந்தாக ஐந்து கிலோ வாங்கிக்கொள்ளலாம். இட்லிக்கு அதன் பொங்கலே தனி.

வடகத்துணி (கும்பகோணம்)

சாமானைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வெயில் இலவசமாகச் செய்து கொடுக்கும் பண்டங்களை யாரும் சொல்லவில்லையே! பிள்ளைகள் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கேட்கிறார்கள் என்றால், காவிரிக்கரை அவர்கள் கோடைச் சீட்டில் முதலில் சேர்க்க வேண்டியவை பச்சரிசியும் ஜவ்வரிசியும் பச்சை மிளகாயும்தான்.

எங்கள் வீட்டில் கூழ் வடகம் போடும் முறையைச் சொல்கிறேன். வெயில் ஏறுவதற்குள் பிழிந்து முடிக்க வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டிவிடுவோம். முதல் நாள் இரவே ஜவ்வரிசியை ஊறவைத்துக்கொள்ள வேண்டும். உலை கொதித்ததும் ஜவ்வரிசியைப் போட்டு, அது கண்ணாடியாக வெந்த பிறகு அரிசி மாவைக் கரைத்து ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். மாவு வெந்ததா என்பதை ஈரக்கையால் தொட்டுப் பார்ப்போம். கையில் ஒட்டக் கூடாது. பச்சை மிளகாயையும் உப்பையும் அரைத்த விழுது, பெருங்காயம் ஆகியவற்றைச் சேர்த்து இறக்கி, சூடு சற்றுத் தணிந்ததும் எலுமிச்சைச் சாறு பிழிய வேண்டும். கூழில் சுவைக்கும்போது உப்பு ஒரு படி குறைவாகவே தெரிய வேண்டும், ஏனென்றால் காய்ந்து சுருங்கியதும் அதே உப்பு தூக்கலாகிவிடும். புதிதாகச் செய்பவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுதான். வெளுத்த பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, அதன் மேல் முறுக்கு நாழியால் பிழிய வேண்டும். மறுநாள் துணியைத் திருப்பிப் பின்பக்கம் நீர் தெளித்தால் வடகம் தானே கழன்று வரும்; பிறகு தட்டில் பரப்பி, ஒடித்தால் பட்டென்று ஒடியும்வரை காயவைக்க வேண்டும். காக்கைக்கு ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்தால் போதும், காவலுக்கு ஆள் தேவையில்லை.

மோர் மிளகாய்க்கு இவ்வளவு பாடு கிடையாது. குட்டை மிளகாயைக் கீறி, உப்பிட்ட புளித்த மோரில் ஊறப்போட்டு, பகலில் வெயிலிலும் இரவில் அதே மோரிலுமாக மாற்றி மாற்றிப் போட்டால், மோர் முழுவதையும் மிளகாய் குடித்துவிடும். சுண்டைக்காயையும் மணத்தக்காளியையும் இதே முறையில் போடலாம். கோடையில் தயிர் சீக்கிரம் புளித்துப் போகிறது என்று கொட்டுபவர்கள் இதைச் செய்யத் தொடங்கினால் ஒரு கரண்டித் தயிர்கூட வீணாகாது.

மூன்றாம் மாடியாருக்கு ஒரு சொல். மொட்டைமாடி இல்லையென்றால் மோர் மிளகாயைச் சன்னல் மேடையில் தாம்பாளத்தில் வைத்தும் உலர்த்தலாம். வடகம்தான் முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். வேப்பம்பூவுக்கும் இடம் அதிகம் வேண்டாம். சித்திரையில் மரத்தடியில் துணியை விரித்து உதிர்ந்த பூவைச் சேர்த்து நிழலில் உலர்த்தி வைத்தால், அடுத்த சித்திரை வரை ரசத்துக்குப் போதும்.

முத்துநகர் (தூத்துக்குடி)

அசைவம் உண்ணும் வீட்டின் கோடைக் கணக்கு வேறு, அதை யாரும் தொடாததால் எழுதுகிறேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்கான இந்தத் தடைக்காலம் முன்பு 45 நாள்களாக இருந்தது. 2017 முதல் நீட்டித்தார்கள். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் கரையோரம் பிடிபடும் மீன் கொஞ்சம் வரும், ஆனால் விலை கேட்கவே பயமாக இருக்கும். கேரளக் கரையில் தடை ஜூன் மாதத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே மே மாதம் முழுவதும் உள்ளூர்ச் சந்தைகளில் நீங்கள் பார்க்கும் மீனில் கணிசமான பங்கு மேற்குக் கரையிலிருந்து பனிக்கட்டியில் பயணம் செய்து வந்ததாக இருக்கும். செதிலைப் பார்க்காமல் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். இரத்தச் சிவப்பாக இல்லையென்றால் வேண்டாம்.

எங்கள் வீட்டில் பங்குனியிலேயே கருவாடு வாங்கி வைத்துவிடுவோம். நெத்திலி, சாளை, பாறை மூன்றும் கட்டாயம் உண்டு. கருவாட்டைக் கையில் அழுத்தினால் வளையக் கூடாது, தட்டினால் மணல் உதிரக் கூடாது. சித்திரையில் மரத்தில் மாங்காயும் முருங்கைக்காயும் மலிந்து கிடக்கும். அவை இரண்டையும் போட்டு வைக்கும் கருவாட்டுக் குழம்புக்காகவே தடைக்காலத்தை வரவேற்பவர்கள் எங்கள் தெருவில் உண்டு. காலையில் பழைய சோற்றுக்குச் சுட்ட நெத்திலியும் சின்ன வெங்காயமும் இருந்தால் மதியம்வரை பசி தெரியாது.

ஆண்டுக்கு வாங்க வேண்டியவற்றில் கருப்பட்டியை மறந்துவிட்டீர்கள். பதநீர் இறங்கும் மாதங்களில்தான் உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுவார்கள். அப்போது காய்ச்சும் இடத்துக்கே போய் வாங்கினால் சர்க்கரைப் பாகு கலக்காததாகக் கிடைக்கும். ஐப்பசி மழையில் கருப்பட்டி கசியும் என்பதால் நாங்கள் ஓலைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுவோம். கோடையில் பானகத்துக்கு அதைத்தான் கரைக்கிறோம். சுக்கும் ஏலமும் எலுமிச்சையும் சேர்த்தால் கடைக் குளிர்பானத்தைப் பிள்ளைகள் கேட்பதில்லை.

காவிரிக்கரை (திருச்சி)

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மாமியாரிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். பருப்பைப் பற்றிய கருத்தைக் கேட்டு முகம் சுளித்தார், ஆனால் மறுக்கவில்லை. ஓர் ஐயம் மட்டும் மிச்சமிருக்கிறது. நன்றாக வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைத்த பச்சைப்பயறில்கூட இரண்டு மாதத்தில் வண்டு வந்துவிடுகிறதே, அது எப்படி உள்ளே நுழைகிறது?

ஆய்வுக்கூடத்தார் (கோவை)

உணவுப் பரிசோதனை தொடர்பான வேலையில் இருப்பவன் என்ற முறையில் விடை சொல்கிறேன். அந்த வண்டு டப்பாவுக்குள் நுழையவில்லை. பயறோடு சேர்ந்தே வந்தது. வயலிலோ கிடங்கிலோ பயற்றின் மேல் தாய் வண்டு முட்டையிடுகிறது. புழு பொரிந்து பயற்றுக்குள் துளைத்துச் சென்று, வளர்ந்து, வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. கோடைச் சூட்டில் இந்தச் சுற்று விரைவாக நடந்து முடியும். முழுப் பயற்றைத்தான் அது பெரிதும் நாடும், உடைத்த பருப்பில் குறைவு. மெல்லிதாகப் பரப்பிக் கடும் வெயிலில் காயவைத்தால் உள்ளிருக்கும் புழு பெரும்பாலும் மடியும்; குவியலாகப் போட்டுக் காயவைத்தால் நடுவில் இருப்பது பிழைத்துக்கொள்ளும். இடம் இல்லாதவர்கள் ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்து எடுத்தாலும் போதும்.

மிளகாயைப் பற்றி ஐயா சொன்ன ஈரத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஈர மிளகாயில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அது ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் முழுவதும் போகாது. கறுத்த, வெளிர்ந்த, பூஞ்சை படிந்த மிளகாயைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் ஆலைக்கு அனுப்ப வேண்டும்.

மாம்பழத்துக்கு ஒரே ஒரு குறிப்பு. கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. எத்திலீன் வாயுவுக்கு வரம்புக்குட்பட்டு அனுமதி உண்டு. பழமாக வாங்காமல் முற்றிய காயாக வாங்கி அரிசி டிரம்மில் புதைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

மூன்றாம் மாடி (சென்னை)

ஆண்டுச் சாமானை எதிர்த்தேன் என்பதால் எனக்குக் கோடைச் சீட்டே இல்லை என்று எண்ண வேண்டாம். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் ரவை, சேமியா, மைதா, பொட்டுக்கடலை ஆகியவற்றைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். சாம்பார் வாரத்துக்கு இரண்டு நாள்தான் என்பதால் துவரம் பருப்பும் பாதியாகும். கேழ்வரகு மாவு, கம்பு, பெருங்காயம், சீரகம், வெந்தயம் ஆகியவை கூடும். காலையில் இட்லிக்குப் பதிலாக மோர் ஊற்றிய கம்பங்கூழ் என்றால் எரிவாயுவும் மிச்சம். பீன்ஸும் காரட்டும் இந்த மாதங்களில் விலை ஏறிவிடும், வந்தாலும் வதங்கித்தான் வரும். அவற்றை விட்டுவிட்டுச் சுரைக்காய், புடலை, வெள்ளரி, பூசணி, முருங்கைக்காய் என்று நாட்டுக்காயில் இறங்கிவிடுவது நல்லது. எலுமிச்சை விலை சித்திரையில் எகிறும் என்பதால் மாசியிலேயே ஊறுகாய் போட்டுவிட்டு, சித்திரையில் புளிப்புக்கு மாங்காயைப் பயன்படுத்துகிறேன்.

மாவுக்குத்தான் கோடையில் அதிகக் கவனம் வேண்டும். மார்கழியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எடுக்கும் மாவு இப்போது ஆறு மணி நேரத்தில் பொங்கி வழிந்துவிடும். இரவு அரைத்து வெளியே வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் புளித்த மாவுதான் மிஞ்சும். குளிர்ந்த நீர் விட்டு அரைத்து, மாலையிலேயே வெளியே வைத்து, படுக்கப் போகும்போது குளிர்பெட்டியில் ஏற்றிவிடுங்கள். ஒரு வாரத்துக்கு அரைக்கும் பழக்கத்தை விட்டு மூன்று நாளுக்கு அரைப்பது மேல். வெட்டி வைத்த தர்பூசணியை வாங்க வேண்டாம், முழுப் பழமாக வாங்குங்கள். நுங்கை மட்டும் கண்முன்னே சீவச் சொல்லி வாங்கி அன்றே தின்றுவிட வேண்டும். மறுநாள் அது நுங்கு இல்லை, தேங்காய்.

காவிரிக்கரை (திருச்சி)

வீட்டில் முடிவு எட்டிவிட்டோம். கொட்டை எடுத்த புளி ஒன்பது கிலோவும், குண்டும் நீட்டுமாக மிளகாய் ஆறு கிலோவும் ஆண்டுக்கு வாங்குகிறோம். உளுந்து ஐந்து கிலோ, மாமியாரின் தம்பி லால்குடியில் இருப்பதால் அவர் மூலமாக. துவரம் பருப்பும் மல்லியும் மாதச் சீட்டிலேயே இருக்கும். வடகம் பிழிய மொட்டைமாடியைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். புளியில் கோது பார்த்து உப்பிட்டு உருட்டும் வேலைக்குக் கணவரும் உட்கார வேண்டும் என்று மூன்றாம் மாடியாரின் பதிவைக் காட்டியே சொல்லிவிட்டேன். இறுதியாக ஒன்று: புளியை எவர்சில்வர் தூக்கில் வைக்கலாமா? பீங்கான் ஜாடி எங்கள் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது, அதில் மாவடு போட்டிருக்கிறது.

பழைய மளிகைக்காரர் (விருதுநகர்)

வேண்டாம் அம்மா. புளியும் உப்பும் சேர்ந்தால் மாதக்கணக்கில் எந்த உலோகத்தையும் அரித்துப் புள்ளி விழச் செய்யும். உணவுக்கான தடித்த பிளாஸ்டிக் டப்பா இருந்தால் போதும், மண்பானையும் உகந்தது. அடியில் ஒரு கைப்பிடிக் கல்லுப்பு, அதன் மேல் ஒரு அடுக்குப் புளி, மீண்டும் உப்பு என்று அமுக்கி அடுக்குங்கள். பொடியுப்பு வேண்டாம், அது ஒரே இடத்தில் கட்டிப்போகும். அன்றாடத் தேவைக்கு ஒரு மாதப் புளியைத் தனியே சிறு ஜாடியில் எடுத்து வைத்துக்கொண்டு பெரிய டப்பாவை அடிக்கடி திறக்காமல் விட்டால் நிறமும் சீக்கிரம் கறுக்காது. இந்த வாரம் வரத்து நன்றாக இருக்கிறது. சித்திரைக் கோடைமழை பிடிப்பதற்குள் வாங்கிவிடுங்கள், ஒருமுறை மழையில் நனைந்த புளி எவ்வளவு காயவைத்தாலும் ஆடியில் தண்ணீர் விடும்.